சலவைத் தூள் விற்க வந்த பெண்ணும் கதவைத் திறந்த பையனும்

வணக்கம் நண்பர்களே. இந்தித் திரையின் சிறந்த ஜோடி எது என்று கேட்டால் ராஜ் கபூர் – நர்கிஸ் என்பார்கள், ஷாருக் கான் – கஜோல் என்பார்கள். அவர்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் மனத்தில் அந்த இடம் ஃபாரூக் ஷேக்குக்கும் தீப்தி நவலுக்கும்தான். இன்று முழுக்க அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கதைகளையும் சொல்லிவிடுவேன். படங்களை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன்.

1981இலிருந்து தொடங்குகிறேன். அமிதாப் பச்சனின் ‘நசீப்’, ‘லாவாரிஸ்’, ‘காலியா’ எல்லாம் வந்த வருடம் அது. திரையரங்கு அதிரவேண்டும், வில்லன் பறக்கவேண்டும். அதே வருடத்தில் சாய் பராஞ்ச்பே என்ற இயக்குநர் டெல்லியில் ஒரு வாடகை அறை, மூன்று மாணவர்கள், ஒரு பெட்டிக்கடை, ஒரு பெண் என்று சின்னதாக ஒரு படம் எடுத்தார். அதுதான் ‘சஷ்மே பத்தூர்’.

அதில் ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஃபாரூக் ஷேக் நடிக்கும் சித்தார்த் பொருளாதாரம் படிப்பவன். புத்தகமும் கையுமாக இருக்கிறான். கதவு தட்டப்படுகிறது. வாசலில் தீப்தி நவல். வீடு வீடாக ‘சம்கோ’ என்ற சலவைத் தூள் விற்கும் நேஹா. மனப்பாடம் செய்துகொண்டு வந்த விற்பனைப் பேச்சைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கிறாள். பக்கெட், தண்ணீர், ஓர் அழுக்குத் துணி கேட்கிறாள். துவைத்துக் காட்டுகிறாள். காதல் காட்சி இதுதான்! நுரையும் ஈரத் துணியும் தவிர அங்கே வேறு அலங்காரமே கிடையாது.

இதில் ஃபாரூக் ஷேக்கின் முகத்தைப் பாருங்கள். அவர் அவளை ‘ரசிக்கவில்லை’, அவள் சொல்வதைக் கேட்கிறார். உண்மையாகவே சலவைத் தூளைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புபவர் போலக் கேள்வி கேட்கிறார். தீப்தி நவலோ முதலில் பாடம் ஒப்பிக்கும் குரலில் பேசுகிறார். எதிரில் இருப்பவன் அசடு வழியவில்லை, கேலி செய்யவில்லை என்று தெரியத் தெரிய அந்தக் குரல் தளர்ந்து, சொந்தக் குரல் வெளியே வருகிறது. வேலை நிமித்தம் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டும் ஒரு பெண்ணுக்கு எப்போது பயம் விலகும்? அதை ஒரு வசனம்கூட இல்லாமல் இந்த இருவரும் காட்டிவிடுகிறார்கள். இதே பெண்ணிடம் அவனுடைய அறைத் தோழர்கள் ஓமியும் ஜோமோவும் முன்பே முயன்று மூக்குடைபட்டவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காட்சியின் அருமை இன்னும் நன்றாகப் புரியும்.

படத்தின் பாடல்களில் நம் யேசுதாஸின் குரல் வருகிறது. ‘கஹான் சே ஆயே பத்ரா’ பாடலை ஹைமந்தி சுக்லாவுடன் சேர்ந்து பாடியிருக்கிறார். அதைத் தனியாக ஒரு முறை கேளுங்கள்.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஜோடி மக்களுக்குப் பிடித்துவிட்டால் என்ன செய்வார்கள்? அதே சிரிப்பு, அதே குறும்பு, அதே முடிவு என்று அடுத்தடுத்து அச்சடித்துத் தள்ளுவார்கள். சாய் பராஞ்ச்பே தன் அடுத்த படமான ‘கதா’வில் என்ன செய்தார் தெரியுமா? மும்பையின் ஒரு சால் குடியிருப்பு. வரிசையாக வீடுகள், பொது வராந்தா, எல்லோருக்கும் எல்லோர் கதையும் தெரியும். அங்கே வருகிறான் பாஷு. அதே ஃபாரூக் ஷேக், அதே கனிவான குரல், அதே பளிச்சென்ற சிரிப்பு. இந்த முறை அவன் ஏமாற்றுக்காரன். தீப்தி நவலின் சந்தியா அவனை நம்பிக் காதலிக்கிறாள். கல்யாணம் நெருங்கும்போது கைவிட்டு ஓடிவிடுகிறான். அவளை வாய்திறக்காமல் நேசித்துக்கொண்டிருந்த ராஜாராமாக நசீருதீன் ஷா. கடைசியில் அவள் கைப்பிடிப்பது அவனைத்தான்.

சித்தார்த்தின் மேல் நாம் வைத்த நம்பிக்கையைத்தான் இயக்குநர் பாஷுவுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார். சந்தியா மட்டும் ஏமாறவில்லை, நாமும் சேர்ந்தே ஏமாறுகிறோம். ‘இப்படியுமா ஒரு பெண் ஏமாறுவாள்’ என்று ஒருவரும் அவளைக் குறை சொல்ல முடியாது. வேறொரு நடிகர் பாஷுவாக வந்திருந்தால் இந்த வலி கிடைத்திருக்காது. இதற்கு ஒப்புக்கொண்ட ஃபாரூக் ஷேக்கின் துணிச்சலை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

‘சாத் சாத்’ 1982. இதில் ஏமாற்று இல்லை, ஆனால் எனக்கு அதைவிட வலித்த படம். கொள்கைப் பிடிப்புள்ள இளைஞன் அவினாஷ், அவனுடைய கொள்கைக்காகவே அவனைக் காதலித்து வசதியான வீட்டை விட்டு வரும் கீதா. ஜக்ஜித் சிங்கும் சித்ரா சிங்கும் பாடும் ‘யே தேரா கர் யே மேரா கர்’ பாடலில் அந்தச் சின்ன வீடு அவர்களுக்கு அரண்மனையாக இருக்கிறது. பிறகு பணம் வருகிறது, அவன் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறான். வீட்டில் பொருள்கள் கூடக்கூடக் கீதாவின் பேச்சு குறைந்துகொண்டே போவதைக் கவனியுங்கள். தீப்தி நவல் கத்தி அழும் நடிகை இல்லை. கணவனைப் புதிதாகப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். தாங்க முடியாது.

ஹ்ருஷிகேஷ் முகர்ஜியின் ‘கிசி சே ந கஹ்னா’ 1983. படித்த பெண் மருமகளாக வேண்டாம் என்று அடம்பிடிக்கும் மாமனாராக உத்பல் தத், படிக்காதவள்போல நடிக்கும் மருத்துவராகத் தீப்தி. சிரித்து மகிழலாம். அதே இயக்குநரின் ‘ரங் பிரங்கி’யும் அப்படித்தான். யஷ் சோப்ராவின் ‘ஃபாஸ்லே’யை இந்த ஜோடிக்காகத் தேடிப் பார்க்கவேண்டியதில்லை என்பது என் கருத்து.

பிறகு நீண்ட இடைவெளி. 2013 பிப்ரவரியில் ‘லிசன் அமாயா’. கணவரை இழந்து, புத்தகங்களோடு காபிக் கடை நடத்தும் லீலாவாகத் தீப்தி, புகைப்படக் கலைஞர் ஜயந்தாக ஃபாரூக், அவர்கள் நெருக்கத்தை ஏற்க முடியாமல் தவிக்கும் மகளாக ஸ்வரா பாஸ்கர். படத்தின் திரைக்கதை சில இடங்களில் தடுமாறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் எனக்குக் குறையே கண்ணில் படுவதில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது. அந்த ஏப்ரலில் ‘சஷ்மே பத்தூர்’ புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குக்கு வந்தது. டிசம்பர் 28 அன்று துபாயில் ஃபாரூக் ஷேக் காலமானார். 65 வயது. போகிற வயதா அது?

பார்க்க நினைப்பவர்கள் முதலில் ‘சஷ்மே பத்தூர்’, அதற்கு மறுநாளே ‘கதா’ என்று பாருங்கள். தயவுசெய்து இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாஷுவின் மேல் உங்களுக்கு எந்த இடத்தில் முதல் சந்தேகம் வந்தது என்று கீழே எழுதுங்கள். கட்டாயம் படிப்பேன். வணக்கம்.