வண்டை வெல்லும் பூஞ்சைத் துகள்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேராசிரியப் பெருமக்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மேல் பாராட்டிய செயலாளர் அவர்களே, கிடங்குப் பொறுப்பாளர்களே, உழவர் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். சேமித்த தானியத்தைப் பாழாக்குவதில் வண்டுக்கும் பூஞ்சைக்கும் பங்கு உண்டு. பூஞ்சை இனம் ஒன்றைக் கொண்டே கண்ணுக்குத் தெரியாத வெள்ளி நானோ துகளைச் செய்து, வண்டை அடக்கும் வழி பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: துகள் எப்படி உருவாகிறது, வண்டை எவ்வளவு தூரம் அடக்கும், செலவு என்ன?

பூஞ்சையை வளர்த்து, வடிகட்டி, வடிநீரில் வெள்ளி நைட்ரேட்டைக் கலக்கிறார்கள். வெளிர்மஞ்சள் நீர் மெல்லப் பழுப்பாகிறது. பூஞ்சையின் நொதிகளும் புரதங்களும் வெள்ளியை நானோ துகளாக்கிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம்.

பூஞ்சை பூச்சியைக் கொல்லும் என்று மெய்ப்பித்தவர் இத்தாலியரான அகோஸ்தினோ பஸ்ஸி. சட்டம் படித்தவர், பார்வை மங்கியதால் பண்ணைக்குத் திரும்பினார். அப்போது பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்துகொண்டிருந்தன. செத்த புழு விறைத்து, சுண்ணாம்பில் புரண்டதுபோல் வெண்பொடி போர்த்திக் கிடக்கும். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. பஸ்ஸி ஆண்டுக்கணக்கில் தோற்றார், விடவில்லை. அந்த வெண்பொடியை நல்ல புழுவுக்குத் தொற்றவைத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே செத்தது! உயிருள்ள பூஞ்சையே நோய்க்குக் காரணம் என்று 1835இல் எழுதினார். பாஸ்டருக்கும் முன்னால், பார்வை மங்கிய ஒருவர் கண்ட உண்மை இது! பிவேரியா பஸ்ஸியானா என்று அவர் பெயரைத் தாங்கிய அந்தப் பூஞ்சையே இன்று வெள்ளித் துகள் ஆய்விலும் பயன்படுகிறது.

ஆனால் கூன்வண்டு தானியத்தைத் துளைத்து, முட்டையிட்டு, துளையை அடைத்துவிடுகிறது. உள்ளே வளரும் புழுவைத் தானியத்தின் மேலே ஒட்டிய துகள் எளிதில் எட்டாது. அங்கே எட்டுவது வாயு. அதனால்தான் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நாடுகிறார்கள். ஈரக்காற்றுப் பட்டால் அது பாஸ்பீன் வாயுவைக் கக்கும். அதைத் தாங்கும் வண்டுகள் பெருகிவிட்டன. மனிதருக்கோ அந்த நஞ்சுக்கு மாற்று மருந்தே இல்லை. அந்த மாத்திரையைத் துணியில் முடிந்து வீட்டுக்குள் தானியத்தோடு வைப்பவர்கள் இருக்கிறார்கள், ஐயா! முள்ளை முள்ளால் எடுக்கலாம். குழந்தைகள் உறங்கும் வீட்டில் நச்சு வாயுவால் எடுக்கலாமா?

நேரம் முடிந்ததாகத் தலைவர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். செலவுக் கணக்கை வேறொரு மேடையில் சொல்கிறேன். பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துகளை முதலில் விதைத் தானியத்தில் சோதியுங்கள், உண்ணும் தானியத்தில் எஞ்சும் வெள்ளியை அளந்து சொல்லாமல் சந்தைக்கு விடாதீர்கள். பயிற்சி பெற்றவரைத் தவிர எவருக்கும் அந்த மாத்திரையை விற்கக் கூடாது என்ற கோரிக்கைப் படிவம் வாயிலில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுங்கள்.