ஐந்து லட்சமா, பத்து லட்சமா?

வணக்கம். நீங்கள் அனுப்பியிருந்த கட்டுரைகளை நேற்றிரவு படித்தேன். பாதிக்கு மேல் ஒரே கருத்து: ‘சிங்கப்பூர் தன் விளையாட்டு வீரர்களை ஊக்குவிக்க வேண்டும்.’ இதை மறுத்துப் பேச இந்தத் தீவில் ஓர் ஆளைப் பிடித்து வாருங்கள், பார்ப்போம். மறுக்க ஆளே இல்லையென்றால் அதை வாழ்த்து அட்டையில் எழுதிவிடலாம், கட்டுரை எதற்கு?

சண்டை நடக்கிற இடத்துக்கு வருவோம். ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்றால் நம் நாட்டில் பரிசு 10 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2016இல் ரியோவில் ஜோசப் ஸ்கூலிங் 50.39 விநாடியில் நீந்தி வென்றாரே, அந்தத் தங்கம். உடற்குறையுள்ள வீரர்களுக்கான பாராலிம்பிக்கில் தங்கத்துக்கு முன்பு 2 லட்சம்தான். 2021இல் 4 லட்சமாக்கினார்கள், பாரிஸ் 2024க்கு 5 லட்சம். இன்னும் பாதிதான்.

நானும் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ‘வெட்கக்கேடு’ என்றுதான் தொடக்கமே. அனுப்புவதற்கு முன் தேக்காவில் டாக்சி ஓட்டும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே படித்தவர், “அண்ணே, பாரிஸ் ஒலிம்பிக்கில் மொத்தம் எத்தனை போட்டி?” என்றார். கைப்பேசியில் தேடினேன். 329. “பாராலிம்பிக்கில்?” 549. “அங்கே தங்கம் அதிகம். அப்போ மதிப்பு குறையத்தானே செய்யும்?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. பாராலிம்பிக் நீச்சலில் உடற்குறையின் தன்மைக்கேற்பப் பல பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பதக்கம். படிக்கிறவர் மனதில் முதலில் எழுகிற இந்தக் கேள்வியை என் கட்டுரை தொடவே இல்லை. அப்புறம் எந்த வரி அவரிடம் எடுபடும்?

வீட்டுக்கு வந்து அவர் கணக்கையே போட்டேன். 329ஐ 549ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.6. அவர் சொன்ன நியாயப்படி பார்த்தாலே 6 லட்சம் வரவேண்டும், கொடுப்பது 5. ‘வெட்கக்கேடு’ போயிற்று, அந்த இடத்தில் இந்தக் கணக்கு ஏறியது.

அதற்குப் பிறகுதான் நம் பாராலிம்பிக் நீச்சல் வீராங்கனை யிப் பின் சியூவைக் கொண்டுவந்தேன். 2008 பெய்ஜிங்கில் எஸ்3 பிரிவில் தங்கம் வென்றவர். தசைகள் மேலும் பலமிழக்க, எஸ்2 பிரிவுக்கு மாறினார் (எண் குறையக் குறைய உடற்குறை கடுமை). உடல் தளரத் தளரப் பயிற்சி செய்து, பாரிஸில் இரண்டு தங்கம், ஆக மொத்தம் ஏழு. இதை முதல் பத்தியில் வைத்திருந்தால், அனுதாபம் தேடுகிறேன் என்று நண்பர் தாளை மடித்துக் கொடுத்திருப்பார்.

மறுபடி காட்டினேன். “ஆறு லட்சம் சரி. ஆட்களை எண்ணினால்?” என்றார், விடாக்கண்டர். ஒலிம்பிக்கில் சுமார் 10,500 பேர், பாராலிம்பிக்கில் சுமார் 4,400. இப்படி வகுத்தால் 4 லட்சத்துச் சொச்சம்தான் வரும், கொடுக்கிற 5ஐவிடக் குறைவு. அது எனக்குச் சாதகமான கணக்கில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதி, ஆளை எண்ணுவதா போட்டியை எண்ணுவதா என்ற கேள்வியோடுதான் அனுப்பினேன்.

சரி, தாள்களை எடுங்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுங்கள். இன்று அவர்தான் உங்கள் டாக்சிக்காரர்.