ஒரே கல்லூரியில் 56 வருடம்

நேயர்களுக்கு வணக்கம்.

காலை ஆறரை மணி. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், வடக்கே ஒதுங்கிக் கிடக்கும் கிராம்ப்ளிங் என்ற சிற்றூர். அங்குள்ள கல்லூரி விடுதியில் ஒருவர் மாட்டு மணி ஒன்றை ஆட்டிக்கொண்டே அறை அறையாகப் போகிறார். தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வருகிறவர்கள் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஃபுட்பால் வீரர்கள். அவர்களை மைதானத்துக்குக் கூப்பிடும் மணி அல்ல அது. வகுப்புக்குப் போகச் சொல்லும் மணி. ஞாயிற்றுக்கிழமை என்றால் தேவாலயத்துக்கு. மணி ஆட்டுகிறவர் அவர்களுடைய கோச், எடி ராபின்சன். அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். இது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியோ, எறிந்தோ முன்னேறும் அமெரிக்கன் ஃபுட்பால். பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறிவிட வேண்டும். அநேகமாக ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேருவது குவார்ட்டர்பேக் என்பவர் கைக்கு. எறிவதா, அடுத்தவரிடம் கொடுத்து ஓடவிடுவதா என்று நொடிக்குள் முடிவெடுப்பவர் அவர்தான். இந்த குவார்ட்டர்பேக் என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ராபின்சன் 1919இல் லூசியானாவில் ஜாக்சன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிர் செய்தவர். அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். மாநிலத் தலைநகரான பேட்டன் ரூஜில் வளர்ந்தார். அந்த நகரத்திலேயே பெரிய அரசுப் பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. லீலண்ட் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். பட்டத்தை வைத்துக்கொண்டு கிடைத்த வேலை, தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலி.

1941இல், 22 வயதில், கிராம்ப்ளிங் கல்லூரி அவரைக் கோச்சாக எடுத்துக்கொண்டது. மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட். இன்று பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஃபுட்பால் கோச்சின் சம்பளம் பல்கலைக்கழகத் தலைவரின் சம்பளத்தையே தாண்டிவிடுகிறது. ராபின்சன் நிலை வேறு. மைதானத்தில் புல் வெட்டுவது அவர். கோடு போடுவது அவர். பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதும் அவர். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் வழியில் உள்ள உணவகங்களில் கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு போட மாட்டார்கள். அதனால் புறப்படும் முன்பே சாண்ட்விச் கட்டி எடுத்துக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புவதும் அவர் வேலைதான்.

ஆரம்ப காலத்தில் நடந்த ஒன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை. பருத்தி எடுக்க ஆள் இல்லையென்று ஒரு தகப்பனார் தன் பிள்ளைகளை அணியிலிருந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். ராபின்சன் வாதாடவில்லை. மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு அந்த வயலுக்கே போனார். எல்லோரும் சேர்ந்து பருத்தியை எடுத்து முடித்தார்கள், பிள்ளைகள் ஆடத் திரும்பினார்கள். வாரத்துக்கு உழுதவரின் மகன் அல்லவா, அந்தத் தகப்பனின் அவசரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் வருடம் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. மறுவருடம் ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அப்புறம் இரண்டாம் உலகப் போரின் நெருக்கடி. இரண்டு வருடம் கல்லூரிக்கு அணியே இல்லை.

1949இல் அவருடைய மாணவர் டேங்க் யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து, தொழில்முறை அணிகள் மோதும் தேசிய ஃபுட்பால் லீகுக்குப் போன முதல் வீரர் அவர். பிறகு வரிசையாகப் போனார்கள். 200க்கும் மேற்பட்ட கிராம்ப்ளிங் மாணவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். வில்லி டேவிஸ், பக் பியூக்கனன், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் ஆகிய நால்வரும் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றவர்கள்.

இப்போது குவார்ட்டர்பேக்குக்கு வருகிறேன். கறுப்பின வீரர் வேகமாக ஓடுவார், பலமாக மோதுவார், ஆனால் தலைமை ஏற்று முடிவெடுக்கும் இடத்துக்குச் சரிப்பட மாட்டார் என்பது அன்றைய அணி முதலாளிகளின் எண்ணம். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஜொலித்தவனைக்கூட வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். இத்தனை வீரர்களை உருவாக்கிய நீங்கள் ஒரு குவார்ட்டர்பேக்கை ஏன் உருவாக்கவில்லை என்று தொலைக்காட்சி வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல் ராபின்சனிடமே கேட்டார். அந்தக் கேள்வி அவரைத் தைத்தது.

ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற பையனைத் தேடிப் பிடித்தார். பந்தை எறிவதை மட்டுமா சொல்லிக்கொடுத்தார்? நிருபர்கள் கேள்வி கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்பதுவரை பழக்கினார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும், சிறந்தவர்கள் முதல் சுற்றுகளிலேயே போய்விடுவார்கள். 1969இல் ஹாரிஸை பஃபலோ பில்ஸ் அணி தேர்ந்தெடுத்தது, அதுவும் எட்டாவது சுற்றில். பையன் மனம் உடைந்து, போகாமலே இருந்துவிடலாமா என்று யோசித்தான். போய் முயன்று பார், ஆனால் தேறாமல் போனால் கறுப்பன் என்பதால்தான் என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதே என்ற பொருளில் ராபின்சன் பேசி அனுப்பினார். கேட்பதற்குக் கடுமைதான். எனக்கோ அது பாசம் மிகுந்த பேச்சாகத்தான் படுகிறது. அந்த வருடத்தின் முதல் ஆட்டத்திலேயே ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காகக் களம் இறங்கினார்.

அவருக்குப் பின்னால் கிராம்ப்ளிங்கிலிருந்து வந்தவர் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரி 31, சான் டியேகோ நகரில் சூப்பர் பவுல், அதாவது லீகின் இறுதிப் போட்டி. வாஷிங்டன் அணிக்கு வில்லியம்ஸ் குவார்ட்டர்பேக். சூப்பர் பவுலில் தொடக்கத்திலிருந்து அந்த இடத்தில் ஆடிய முதல் கறுப்பின வீரர். முதல் கால் பகுதியிலேயே எதிரணியான டென்வர் 10 புள்ளி எடுத்துவிட்டது. வில்லியம்ஸுக்கு முழங்காலில் அடிபட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார். இரண்டாவது கால் பகுதியில் மட்டும் வாஷிங்டன் 35 புள்ளி! முடிவு 42க்கு 10. ஆட்ட நாயகனும் வில்லியம்ஸ்தான். கோசெல் கேட்ட கேள்விக்கு அதற்குமேல் பதில் வேண்டுமா?

இதற்கு இரண்டு வருடத்துக்கும் மேல் முன்பே, 1985 அக்டோபர் 5 அன்று, டல்லஸில் ராபின்சன் தன் 324ஆவது வெற்றியைப் பெற்றிருந்தார். கல்லூரி ஃபுட்பாலில் அலபாமா பல்கலைக்கழகக் கோச் பேர் பிரையன்ட் வைத்திருந்த 323 வெற்றி என்ற சாதனையைத் தாண்டிய நாள் அது. மொத்தக் கணக்கு 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை. எளிய அணிகளோடு ஆடித்தானே இத்தனை வெற்றி என்று சொன்னவர்களும் உண்டு. பெரிய வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் அவர் அணியோடு ஆடவே முன்வராத காலத்தில் அவர் யாரோடு ஆடியிருக்க முடியும்?

ஒரு வேதனையையும் சொல்ல வேண்டும். 1970களுக்குள் தெற்கத்திப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறந்தன. திறக்க வேண்டிய கதவுதான். ஆனால் முன்பு கிராம்ப்ளிங்குக்கு வந்த திறமைசாலிகள் அந்தப் பக்கம் போகத் தொடங்கினார்கள். ராபின்சனின் கடைசி மூன்று வருடங்களில் வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். போதும், இறங்குங்கள் என்ற நெருக்கடியும் வந்தது. 1997இல் ஓய்வு பெற்றார். ஒரே வேலை, ஒரே மனைவி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். மனைவி டோரிஸ். மணம் முடித்ததும் அதே 1941இல்தான். ராபின்சன் எழுந்த நாற்காலியில் அடுத்து வந்து உட்கார்ந்தவர் டக் வில்லியம்ஸ்.

கடைசிக் காலத்தில் அல்சைமர் நோய் அவர் நினைவுகளைக் கொண்டுபோய்விட்டது. 2007 ஏப்ரல் 3 அன்று காலமானார். மக்கள் அஞ்சலி செலுத்த அவர் உடலை மாநிலச் சட்டமன்ற மாளிகையில் வைத்தார்கள். மணிக்கு 25 சென்ட்டுக்குத் தீவன மூட்டைகளோடு அவர் உழைத்த அதே பேட்டன் ரூஜில்.

நன்றி நேயர்களே, வணக்கம்.