பாக்கெட் பால் கெட்டுப்போறது எங்க ஆரம்பிக்குது?

வணக்கங்க. பாக்கெட் பால் சீக்கிரம் திரிஞ்சா எல்லாரும் டெய்ரியைத்தான் திட்டுறாங்க. பல நேரம் அது கிராமத்து கலெக்‌ஷன் சென்டர்லயே ஆரம்பிச்சிருக்கும். அதனால இன்னிக்கு சென்டர்ல நடக்குற வேலையைப் பார்ப்போம்.

மடியை விட்டு வர்றப்போ பால் ஏறக்குறைய 37 டிகிரில இருக்கும். கிருமி பெருக அதைவிடத் தோதான சூடு கிடையாது. புதுப் பாலுக்கே இயற்கையா ஒரு எதிர்ப்பு சக்தி உண்டு. ஆனா நம்ம ஊர் வெக்கையில அது ரெண்டு மூணு மணி நேரம்தான் தாங்கும். அதுக்குள்ள பால் பல்க் கூலர்ல, அதாவது பாலைக் குளிர வைக்குற பெரிய டேங்க்ல, இறங்கிடணும்.

சென்டர்ல மூடியைத் திறந்த உடனே மோந்து பாருங்க. புளிப்பு வாடை அந்த நொடியிலதான் நல்லாத் தெரியும். சந்தேகமா இருந்தா டெஸ்ட் டியூப்ல 5 மில்லி எடுத்துக் கொதிக்க வைங்க. திரிஞ்சா அந்தக் கேன் டேங்க் பக்கமே போகக் கூடாது. ஒரு கேன் புளிச்ச பால் போதும், மொத்த டேங்க்கும் போயிடும்.

சிலர் புளிக்க ஆரம்பிச்ச பால்ல சோடா உப்பு போட்டுக் கொண்டாருவாங்க. அது கொதிச்சாலும் திரியாது. அதுக்கு ரோசாலிக் ஆசிட் டெஸ்ட் இருக்கு: 5 மில்லி பால், 5 மில்லி ஆல்கஹால், 1 சதவீத ரோசாலிக் ஆசிட் கரைசல் சில சொட்டு. ரோஜா நிறம் வந்தா சோடா கலந்திருக்கு. நல்ல பால்னா பழுப்பாத்தான் இருக்கும்.

பாலோட அடர்த்தியைக் காட்டுற லாக்டோமீட்டரை மட்டும் நம்பாதீங்க. தண்ணி ஊத்தினா ரீடிங் இறங்கும், ஆடையை எடுத்தா ஏறும். ரெண்டையும் பண்ணினா ரீடிங் ஒழுங்கா நிக்கும்! சர்க்கரை, உப்பு, யூரியா போட்டும் ஏத்துறாங்க. அதனால கூடவே கொழுப்பும் பாக்கணும். இன்னொண்ணு, 27 டிகிரிக்கு அளவு போட்ட மீட்டரை கறந்த சூட்டுலயே விட்டா நல்ல பாலும் தண்ணிப் பாலாத் தெரியும். மாடு வளர்க்குறவருக்கு அநியாயமா காசு குறையும். இது ரொம்பத் தப்புங்க.

கொழுப்பு பாக்க மெஷின் வச்சிருந்தாலும், ஆசிட் ஊத்தி கொழுப்பைப் பிரிச்சு அளக்குற கெர்பர் முறையில அப்பப்போ சரிபாருங்க. 10 மில்லி சல்ஃப்யூரிக் ஆசிட், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். பாலை டியூப் சுவரை ஒட்டி மெதுவா விடணும், வேகமா ஊத்தினா கருகி ரீடிங் கெட்டுடும். நிமிஷத்துக்கு 1100 சுத்துல நாலஞ்சு நிமிஷம் சென்ட்ரிஃப்யூஜ், அப்புறம் 65 டிகிரி தண்ணியில வச்சு அளவு பாருங்க. பசும்பாலுக்கு சட்டப்படி குறைஞ்சது கொழுப்பு 3.2 சதவீதம், எஸ்என்எஃப் (கொழுப்பு போக மிச்சமிருக்குற திடப்பொருள்) 8.3 சதவீதம் இருக்கணும்.

மடி நோய்க்கு ஊசி போட்ட மாட்டுப் பாலை, மருந்து லேபிள்ல சொல்ற நாள் வரைக்கும் தனியா வைங்க. காய்ச்சினா மருந்து போகாது, தயிரும் உறையாது.

கூலர்ல 4 டிகிரிக்கு வந்துட்டா கிருமி செத்துடும்னு நினைக்காதீங்க. குளிர்லயும் மெதுவா வளர்ற கிருமிகள் இருக்கு. அது விடுற நொதிகள்ல சிலது, 72 டிகிரில 15 நொடி பாஸ்ச்சரைஸ் பண்ணினாலும் அழியாது. பால் பின்னால கசக்குறதுக்கு இது ஒரு பெரிய காரணம். காலைப் பால் மேல மாலைப் பாலை ஊத்துறப்போ கலவை 10 டிகிரியைத் தாண்டாம பாத்துக்கோங்க.

கேன் கழுவுறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. எடுத்த எடுப்புல கொதி தண்ணி ஊத்தினா பால் புரதம் வெந்து ஒட்டிக்கும், நாள்போக்குல பால்கல்லா படியும். முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில அலசுங்க, அப்புறம் சோப்புக் கரைசல், பிரஷ், திரும்ப அலசல், கடைசியாத்தான் கொதி தண்ணி. அலுமினியக் கேனுக்கு காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். அது அரிச்சு விடுற குழியிலதான் கிருமி தங்கும். மூடி ரப்பரைத் தனியாக் கழட்டித் தேய்ங்க. கேனை ஸ்டாண்டுல கவுத்துக் காய வைங்க, ஈரத்தோட மூடி வைக்காதீங்க.