கிறிஸ்தவப் பள்ளியின் பாடத்திட்டமும் பின்தங்கும் மாணவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளின் பாடத்திட்டங்களைப் பற்றியும், அவை மாணவர்களுக்குத் தரும் துணையைப் பற்றியும் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்தபோது, இவற்றை இரண்டு தலைப்புகளாகப் பிரித்துப் பேச என்னால் இயலாது என்றுதான் முதலில் சொன்னேன். பல பள்ளிகளின் அறிமுகக் கையேட்டில் அவை பிரிந்துதான் கிடக்கின்றன. முன்பக்கங்களில் உயர்நிலைப் பாடங்கள், ஆய்வகங்கள், மொழிகள், தேர்ச்சி விவரங்கள். கடைசிப் பக்கத்தில், நான்கே வரிகளில், ‘பின்தங்கிய மாணவர்களுக்குச் சிறப்புக் கவனம் செலுத்தப்படும்’ என்ற உறுதிமொழி. இத்தகைய ஒரு பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து, அதில் பாதிக் காலம் கற்றல் உதவிப் பிரிவையும் நடத்தியதில் நான் உணர்ந்தது இதுதான்: அந்த நான்கு வரிகள் கால அட்டவணையில் இடம்பெறாத வரையில், முன்பக்கங்களில் உள்ள எதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாவதில்லை.

இந்தப் பிரிவினை கிறிஸ்தவக் கல்வி மரபில் தோன்றியதன்று. பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில், 1680ஆம் ஆண்டையொட்டி, ஏழைச் சிறுவர்களுக்கான பள்ளிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கிய தெ லசால் என்ற குருவானவர், இலத்தீனில் தொடங்காமல், பிள்ளைகளுக்குப் பழக்கமான பிரெஞ்சு மொழியிலேயே வாசிக்கக் கற்றுக்கொடுக்கச் செய்தார். அவருடைய சபையினர் பின்பற்றிய பள்ளி நடைமுறை நூல் 1720இல் அச்சாயிற்று. வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் படிப்படியாகக் கற்பிக்கும் முறையைச் சொல்லும் அதே நூல், பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வராமல் போகிறார்கள் என்பதையும் காரணவாரியாகப் பிரித்து ஆராய்கிறது. ஆண்டு முடிவில் ஒவ்வொரு மாணவனின் இயல்பையும் ஆசிரியர் எழுதிவைத்து, அது அடுத்த ஆசிரியருக்குப் பயன்படச் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. மொராவியச் சகோதரர் சபையின் ஆயராயிருந்த கொமேனியஸ் 1658இல் படங்களோடு கூடிய பாடநூலை வெளியிட்டதிலும் இந்த எண்ணமே இருந்தது. ஆண், பெண், செல்வர், வறியவர் என்ற வேறுபாடின்றி எல்லார்க்கும் கற்பிக்க முடியும் என்று நம்பிய அவர், சொல்லால் மட்டும் விளங்கிக்கொள்ள இயலாத பிள்ளைக்குப் பொருளின் உருவத்தையும் கண்முன் வைத்தார்.

தமிழில் பேசுகிறபோது சீகன்பால்குவையும் சொல்லத்தான் வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அந்த ஜெர்மானியக் குரு, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். எழுத்து கைவராத நிலை எப்படியிருக்கும் என்பதைத் தம் விரலாலேயே உணர்ந்த ஆசிரியர் அவர். அது எவ்வளவு பெரிய தகுதி என்பது எனக்கு மிகப் பிற்பாடுதான் விளங்கியது.

பணியின் தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். வேதபாட வகுப்பில் ஒரு கதையைச் சொல்லி முடித்தால், வேறு எவருக்கும் தோன்றாத கேள்வி அவனிடமிருந்து வரும். அறிவியலில் வாய்மொழியாகக் கேட்டால் தயங்காமல் விடை சொல்வான். விடைத்தாளிலோ பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கும். எழுதிய பாதியிலும் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். அவன் மதிப்பெண் அட்டையில் ‘சோம்பல் மிகுதி’ என்று எழுதியது நான்தான். அவன் தாய் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டுத் தந்தது இன்றும் என் நினைவைவிட்டு அகலவில்லை.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், பிரிட்டிஷ் மருத்துவ இதழில், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அறிவிலும் விளையாட்டிலும் எவருக்கும் குறையாத அச்சிறுவனால் வாசிக்க மட்டும் இயலவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிவு செய்தார். இன்று டிஸ்லெக்சியா என்று நாம் அழைக்கும் குறைபாடு அதுவே. அந்தப் பழைய ஆசிரியர் கண்டுகொண்டதை, என் கண்முன் இருந்த பிள்ளையிடம் நான் காணத் தவறினேன். கற்றல் உதவிப் பிரிவுக்கு நான் வந்ததற்கு இதுதான் காரணம்.

அந்தப் பிரிவு செய்யும் வேலையில் மாயம் எதுவுமில்லை. முதல் இரண்டு வகுப்புகளிலேயே ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் தனியே கேட்டறிய வேண்டும். ஒலியையும் எழுத்தையும் இணைக்கத் தடுமாறுகிறவர்களை மூன்று நான்கு பேராகச் சேர்த்து, நாள்தோறும் அரை மணி நேரம், கண்ணால் கண்டு, காதால் கேட்டு, வாயால் சொல்லி, கையால் எழுதும் பயிற்சியை ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியரும் 1930களில் வகுத்த இம்முறை பல வடிவங்களில் இன்றும் பயன்பட்டு வருகிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை முன்னேற்றத்தை அளந்து பார்த்து, பயன் தெரியாவிட்டால் பயிற்சியை மாற்ற வேண்டும். பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. கடினமான கேள்வி ஒன்றுதான்: இந்த அரை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

பெரும்பாலான பள்ளிகள் அதை ஓவிய வகுப்பிலிருந்தோ இசையிலிருந்தோ விளையாட்டு நேரத்திலிருந்தோ எடுக்கின்றன. வாசிப்பில் நாள் முழுவதும் தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, தானும் வல்லவன் என்று காட்டிக்கொள்ள எஞ்சியிருக்கும் ஒரே இடம் பெரும்பாலும் அந்த வகுப்புகள்தாம். அவற்றையும் பறித்துக்கொண்டு உதவி என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் அது தண்டனையாகவே அவனுக்குப் படும். பள்ளி முடிந்த பிறகு வைத்தால், களைத்த பிள்ளையே மேலும் களைப்பான். பேருந்தில் வரும் பிள்ளைகள் விடுபட்டுப் போவார்கள். எங்கள் பள்ளியில் நீண்ட வாதத்துக்குப் பிறகு, தொடக்க வகுப்புகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் வாசிப்புப் பாடவேளை ஒன்றை அமைத்தோம். எல்லாப் பிள்ளைகளும் தத்தம் நிலைக்கேற்ற குழுவுக்குச் செல்வதால், எவன் உதவிக்குப் போகிறான் என்று எவரும் சுட்டிக்காட்ட வாய்ப்பில்லாமல் போயிற்று.

தேர்வில் தரும் சலுகைகளைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். கூடுதல் நேரம் தருவதும், வினாத்தாளை வாசித்துக் காட்டுவதும், சொல்வதை எழுத ஒருவரை அமர்த்துவதும் பாடத்தின் தரத்தைக் குறைப்பவை அல்ல. கண் மங்கலானவர் மூக்குக்கண்ணாடி அணிந்து தேர்வெழுதினால் எவரும் அதைச் சலுகை என்று சொல்வதில்லை. பாடத்தின் அளவையே குறைப்பது வேறு. சில பிள்ளைகளுக்கு அதுவும் தேவைதான். ஆனால் முதலாவது போதுமான பிள்ளைக்கு இரண்டாவதைத் தருவது அவன் எதிர்காலத்தைச் சுருக்கிவிடும்.

இது உயர்நிலைப் பாடத்திட்டங்களில் நன்றாகத் தெரியும். கல்லூரித் தரத்திலான பாடங்களைப் பள்ளியிலேயே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் திட்டத்தை அமெரிக்கக் கல்லூரி வாரியம் 1955இல் ஏற்று நடத்தத் தொடங்கியது. 1968இல் ஜெனீவாவில் நிறுவப்பட்ட இன்டர்நேஷனல் பக்கலோரியேட், ஆறு பாடங்களோடு 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரையையும் மாணவரிடம் கேட்கிறது. இவற்றை வழங்கும் கிறிஸ்தவப் பள்ளிகள் பல உள்ளன. உரிய சான்று இருந்தால் இரு அமைப்புகளுமே கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளை அனுமதிக்கின்றன. அப்படியிருந்தும், கீழ் வகுப்பில் உதவி பெற்ற மாணவர் என்பதற்காகவே இயற்பியல் உயர்நிலை வகுப்பின் வாசலில் நிறுத்தப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாசலைத் திறந்துவிடுவதும் மாணவர் துணைதான்.

அறிவியலைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. விசுவாசத்துக்கு ஆபத்து நேரும் என்று அஞ்சி அறிவியல் பாடத்தை மென்மையாக்கும் பள்ளிகள் தம் மரபையே அறியாதவை. பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபியலுக்கு அடித்தளமிட்டு, 1866இல் தம் முடிவுகளை வெளியிட்ட மெண்டல் அகஸ்தீனியத் துறவி. பேரண்டம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய லெமாய்த்ர் கத்தோலிக்கக் குரு.

பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் எழும் ஒரு கேள்வி உண்டு: பின்தங்கியவர்களுக்கே ஆசிரியர்கள் நேரம் செலவிட்டால், நன்றாகப் படிக்கும் எங்கள் பிள்ளைகளின் கதி என்ன? இது நியாயமான கேள்வி. சுயநலம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. லூக்கா நற்செய்தியில் காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகும் மேய்ப்பனின் உவமையை நாங்கள் சிற்றாலயத்தில் பலமுறை வாசித்திருக்கிறோம். ஆனால் விட்டுச்சென்ற தொண்ணூற்றொன்பது ஆடுகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்க ஒரு தகப்பனார்தான் எனக்குக் கற்றுத்தந்தார். அவருக்கு நான் சொன்ன விடை, ஒரு மேய்ப்பன் போதாது என்பதே. வகுப்பாசிரியர் ஒருவரையே எல்லாவற்றுக்கும் பொறுப்பாக்கிவிட்டு, தனிக் கவனம் தருகிறோம் என்று பள்ளி சொல்வது அவர் தலையில் சுமை ஏற்றுவதாகும். துணை ஆசிரியர் வேண்டும். அவருக்குப் பயிற்சியும் முழுச் சம்பளமும் வேண்டும். மாணவர் மாணவருக்கு உதவும் ஏற்பாடும் உண்டு. இயேசு சபையார் 1599இல் வெளியிட்ட கல்வி முறைமையிலேயே, மாணவர்களில் சிலர் சிறு குழுக்களுக்குத் தலைவராயிருந்து மற்றவர்களின் பாடத்தைக் கேட்கும் வழக்கம் இடம்பெற்றது. பின்னத்தைத் தோழனுக்கு விளக்கிச் சொல்லும் மாணவி, அதைத் தானும் ஆழமாகப் புரிந்துகொள்கிறாள். ஆயினும் இது ஆசிரியருக்கு மாற்றாகிவிடக் கூடாது.

மனநலத்தைப் பற்றிச் சொல்லும்போது நான் சற்றுக் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. துயரத்தில் இருக்கும் பிள்ளையோடு சேர்ந்து ஜெபிக்கும் போதகர் ஒருவர் பள்ளியில் இருப்பது பெரும் பேறு. ஜெபத்தின் வல்லமையை நம்புகிறவர்களுள் நானும் ஒருவர். ஆனால் உறக்கமும் பசியும் இழந்து, உயிர் வாழவே விருப்பமற்றிருக்கும் பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகரும், தேவையெனில் மருத்துவரும் அன்றே கிடைக்க வேண்டும். காய்ச்சலுக்கு மருந்தைத் தடுக்காத நாம், மனத்தின் நோய்க்கு மட்டும் விசுவாசக் குறைவைக் காரணமாகச் சொல்வது அந்தப் பிள்ளையின் மேல் இரண்டாவது சுமையை ஏற்றுவதாகும். அதேபோல், வேறு சமயத்தைச் சேர்ந்த பிள்ளை உதவி கேட்டு வரும்போது, அந்த அறையில் அவன் நம்பிக்கை விலைபேசப்படக் கூடாது. அவன் சொன்னது, உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, அறையைவிட்டு வெளியேறவும் கூடாது.

இவையெல்லாம் பணத்தில் வந்து முடிகின்றன என்பதை அறிவேன். தனியார் பள்ளி கட்டணத்தை நம்பியிருக்கிறது. அதனால் கற்றல் உதவிக்கெனத் தனிக் கட்டணம் வாங்கும் பள்ளிகள் உண்டு. சேர்க்கைத் தேர்வின்போதே தடுமாறும் பிள்ளையை விலக்கிவிட்டு, உதவியே தேவைப்படாத வகுப்பை உருவாக்கிக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. முதலாவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்க முடியவில்லை. கற்றல் உதவியின் செலவை, நூலகத்தின் செலவைப்போலவே, எல்லாருடைய கட்டணத்திலும் பகிர்ந்து சேர்ப்பதே முறை. இரண்டாவதைச் செய்யும் பள்ளி, சிலுவையை முகப்பில் வைத்திருப்பதற்கு என்ன காரணம் சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற அறிவிப்பைக் காணும் பெற்றோர், கீழ் வகுப்புகளில் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் இறுதி வகுப்புவரை அங்கேயே இருந்தார்கள் என்பதையும் தயங்காமல் கேட்க வேண்டும்.

நான் சோம்பேறி என்று எழுதிய அந்தச் சிறுவன் மேலும் ஓராண்டு எங்கள் பள்ளியில் இருந்தான். அதற்குள் அவனுக்கு என்ன தேவை என்பதை நாங்கள் ஓரளவு கண்டுகொண்டோம். அவனை அடுத்த வகுப்புக்கு அனுப்பியபோது ஆசிரியருக்கு நான் எழுதிக்கொடுத்த குறிப்பின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘முதலில் வாய்மொழியாகக் கேளுங்கள். பிறகு எழுதச் சொல்லி, முடிக்கும்வரை காத்திருங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் இரண்டு வரிகளுக்கு மேல் வேண்டாம். ஓவிய வகுப்பிலிருந்து இவனை அழைக்காதீர்கள். கேள்வி கேட்பான், கேட்க விடுங்கள்.’