பக்கத்து நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம்.

பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில் நான் பல வருடங்கள் வேலை பார்த்தவள். அதில் ஒரு சாயங்காலம் மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மூடும் நேரம். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். கடைசி அலமாரிக்குப் பின்னால் தரையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஏழு வயது இருக்கும். மடியில் டைனோசர் புத்தகம் விரித்தபடி இருந்தது, ஆனால் கண் வாசலில் இருந்தது.

"யார்கூட வந்தேப்பா?"

"அம்மாகூட. இப்ப வந்துருவாங்க."

மூன்று மணிக்கு விட்டுவிட்டுப் போனவர். உறுப்பினர் அட்டையில் இருந்த எண்ணுக்கு போன் போட்டோம், எடுக்கவில்லை. நானும் இன்னொரு ஊழியரும் அவனோடு வாசல் படியில் காத்திருந்தோம். அவன் அழவில்லை. அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. "நூலகம்தானே, பத்திரமான இடம்னு நினைச்சேன் மேடம்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக நல்ல இடம் எங்கே கிடைக்கிறது? ஆனாலும் அந்த நினைப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பொது நூலகத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. அதுதான் அதன் பெருமை. சின்னப் பிள்ளையை அங்கே தனியாக விடக் கூடாது என்பதற்கும் அதுவேதான் காரணம். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு இருக்கிறது, சாயங்காலம் பிள்ளையைக் கையில் ஒப்படைக்க ஆள் இருக்கிறது. நூலகத்தில் இரண்டும் கிடையாது. நூலகர் ஒரு வாசகருக்குப் புத்தகம் பதிந்து கொடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளை கழிப்பறைக்கும் போகலாம், தெருவுக்கும் போகலாம். அவருக்குத் தெரியாது.

அதனால்தான் பல நாடுகளில் நூலகங்கள் இதற்கென்று எழுத்தில் விதி வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் ஒருவர் கண்ணெதிரே இருக்க வேண்டும். அந்த வயது நூலகத்துக்கு நூலகம் மாறும், முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூடும் நேரத்தில் பிள்ளை தனியாக நின்றால் ஊழியர் இருவர் கூட இருப்பார்கள். பரிதாபப்பட்டுத் தங்கள் வண்டியில் வீட்டுக்கு ஏற்றிப் போக மாட்டார்கள். யாரும் வரவில்லை என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். கேட்கக் கடுமையாக இருக்கலாம். பிள்ளை தவறான கையில் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

சரி, இத்தனை தொல்லை எதற்கு, பிள்ளைகளை உள்ளே விடாமலே இருக்கலாமே என்று சில வாசகர்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் உலகம் அப்படித்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நூலகங்கள் பன்னிரண்டு, பதினான்கு வயது ஆகாதவர்களை வாசலோடு நிறுத்தின. 1890இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், புரூக்ளைன் ஊர்ப் பொது நூலகம் தன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. அங்கே அவர்களைப் பார்த்துக்கொள்ள யாரை வைத்தார்கள் தெரியுமா? கட்டடப் பராமரிப்பாளரை. பிள்ளைகள் என்றால் அடக்கி வைக்க வேண்டியவர்கள் என்ற எண்ணம்தான் அதில் தெரிகிறது.

அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் ஒருவர் ஆன் கரோல் மூர். 1906இல் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர். பிள்ளைகள் அறையில் 'அமைதி' என்று எழுதித் தொங்கிய பலகைகளை எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு பெரிய பதிவேடு வைத்தார். புத்தகத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன், நூலக விதிகளின்படி நடப்பேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே பிள்ளை தன் கையால் பெயர் எழுத வேண்டும். அடங்கு என்று சொல்வதற்கும், நீ வாக்குக் கொடு என்று கேட்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கையும், வயது வேறுபாடு இல்லாமல் எல்லாருக்கும் சமமான சேவை என்றுதான் சொல்கிறது.

ஆக, பிள்ளை உள்ளே வரட்டும். கூடப் பெரியவரும் வரட்டும். வந்து என்ன செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போனுக்குள் மூழ்கிவிட்டால், அந்தப் பிள்ளை தனியாக வந்தது போலத்தான்.

ஒரு தாத்தா பேத்தியோடு வருவார். ஒரு நாள் அந்தப் பெண் யானைப் படம் ஒன்றைக் கண்டு, "தாத்தா, யானை!" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். தாத்தா இருந்த இடத்திலிருந்து 'உஷ்' என்று சொல்லவில்லை. எழுந்து போனார். முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து, அவள் காதருகே, "தாத்தாவுக்கு மட்டும் சொல்லு பாப்பா, யானை என்ன பண்ணுது?" என்றார். அவளும் குசுகுசுவென்று சொல்ல ஆரம்பித்தாள். இருபது நிமிடம் அந்தக் குசுகுசுப்பு ஓடியது, யாரையும் தொந்தரவு செய்யவில்லை. தூரத்திலிருந்து குரல் கொடுத்தால் பிள்ளை அதைவிட உரக்கப் பதில் சொல்லும். கிட்டே போய்த் தாழ்ந்த குரலில் பேசினால் அதன் குரலும் தாழும். இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஓடுவதும் அப்படித்தான். இரண்டு பக்கமும் அலமாரி, நடுவில் நீளமான பாதை என்றால் எந்தப் பிள்ளைக்கும் கால் பரபரக்கும். "ஓடாதே" என்பதைவிட "என் கையைப் பிடிச்சு நட" என்பது சீக்கிரம் வேலை செய்யும். ஒன்றில் மட்டும் இடம் கொடுக்கவே கூடாது. அலமாரித் தட்டில் கால் வைத்து ஏறுவது. சரிந்தால் புத்தகங்களோடு முழு எடையும் பிள்ளை மேல்தான் விழும்.

கைக்குழந்தை வீரிட்டு அழுதால் கொஞ்சம் வெளியே தூக்கிப் போய் அமர்த்திவிட்டுத் திரும்ப வாருங்கள். திரும்ப வர வேண்டும், அது முக்கியம். வெட்கப்பட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்ட அம்மாக்கள் நிறைய. அப்புறம், எடுத்த புத்தகத்தைப் பிள்ளையே அலமாரியில் செருக வேண்டாம், மேசையில் வைத்தால் போதும். இடம் மாறிப் போன புத்தகம் தொலைந்த புத்தகம் மாதிரி. பக்கம் கிழிந்தால் வீட்டில் செல்லோ டேப் ஒட்டாமல் நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த டேப் நாளடைவில் பழுத்துக் கறை பிடித்துவிடும். கிழிந்ததற்காகப் பிள்ளையை அங்கேயே அதட்டவும் வேண்டாம். எங்களிடம் வந்து அது வாய்விட்டுச் சொன்னாலே பெரிய விஷயம்.

அந்த டைனோசர் பையன் அப்புறம் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு விடுமுறை நாளில் அம்மாவோடு வந்தான். அவர் ஒரு வார இதழை எடுத்துக்கொண்டு சிறுவர் பிரிவின் தாழ்ந்த நாற்காலியில், முழங்கால் மேலே தூக்கி நிற்க, எப்படியோ உட்கார்ந்தார். பையன் அதே புத்தகத்தைத் தேடி எடுத்தான். வாசல் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கையிலிருந்த இதழை மெல்ல விலக்கி, அந்த இடத்தில் தன் புத்தகத்தை வைத்து, "அம்மா, இதைப் படி" என்றான்.

வணக்கம்.