ஆன்லைன் வகுப்பா, நேர் வகுப்பா: மாணவர் திருப்தி எதைச் சொல்கிறது?

[திரையில்: மேடையில் ஒருவர் உற்சாகமாகப் பேசுகிறார்]

1970. டாக்டர் மைரன் ஃபாக்ஸ் என்ற பெயரில் ஒருவர் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள் முன்னால் பேசுகிறார். மருத்துவர்களின் கல்வியில் கணித ஆட்டக் கோட்பாடு என்பதுதான் தலைப்பு. பேச்சு முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பிடித்துவிட்டது.

வந்தவர் டாக்டரே இல்லை, நடிகர். பேச்சில் இருந்ததெல்லாம் முரண்பாடுகளும், பொருளில்லாத சொற்களும், நடுநடுவே நகைச்சுவையும்தான். இந்தச் சோதனை 1973-இல் ஒரு மருத்துவக் கல்வி இதழில் வெளியானது.

மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி மாணவர்களிடம் "ஆன்லைன் பிடித்ததா, நேர் வகுப்பு பிடித்ததா" என்று எடுக்கும் சர்வேக்களைப் படிக்கும்போது ஃபாக்ஸை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

[திரையில்: நான்கு படிகள்]

பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளை வகுத்தார். பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் பலன் கிடைத்ததா. திருப்தி இதில் முதல் படி மட்டும்தான்.

சரி, இரண்டாவது படியில் என்ன தெரிகிறது? மருத்துவத் துறைகளில் இணையவழிக் கற்றல் பற்றிய 201 ஆய்வுகளை டேவிட் குக் குழு 2008-இல் தொகுத்தது. எந்தப் பயிற்சியும் இல்லாததோடு ஒப்பிட்டால் இணையவழிக்குப் பெரிய பலன் இருந்தது. வழக்கமான கற்பித்தலோடு ஒப்பிட்டபோது சராசரி வித்தியாசம் சிறியது.

அப்படியானால் திருப்தி மட்டும் ஏன் இவ்வளவு ஏறி இறங்குகிறது? "ஆன்லைன்" என்ற ஒரே பெயருக்குள் பல விஷயங்கள் கிடக்கின்றன. மருந்தியல் விரிவுரையின் பதிவை நிறுத்தி, திரும்பக் கேட்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் படிக்கலாம். அது மாணவர்களுக்குப் பிடிக்கும். வயிற்றைத் தொட்டுக் கல்லீரலின் விளிம்பைக் கண்டுபிடிப்பதைத் திரையில் கற்க முடியாது. விரல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

அப்புறம் 2020-ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டு பல கல்லூரிகளில் சில நாட்களுக்குள் எல்லாம் திரைக்கு மாறியது. அப்போது அளந்தது அவசர ஏற்பாட்டின் மீதான திருப்தி, கூடவே பயம், தனிமை, இணைய வேகம். நிதானமாகத் திட்டமிட்ட ஆன்லைன் பாடத்தை அதை வைத்து எடைபோடுவது நியாயம் இல்லை. இன்னொன்று: படிவமே ஆன்லைனில் போகும்போது, இணைப்பு மோசமாக இருந்தவர்களின் குரல் அதில் குறைவாகத்தான் வரும்.

இதற்காகத் திருப்தியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வகுப்பே பிடிக்காத மாணவர் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். அதைத் தெரிந்துகொள்ள அவரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: சந்தேகம் வந்தபோது கேட்க முடிந்ததா? உங்கள் கை வேலையை யாராவது பார்த்துத் திருத்தினார்களா? பதிவை எத்தனை முறை திரும்பப் பார்த்தீர்கள்?

[திரையில்: படிவமும் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் அருகருகே]

பதில்களைச் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் எதிரெதிர் திசையில் போனால், படிவம் தேர்வுக்கு முன்பு போனதா, பின்பு போனதா என்பதை முதலில் சரிபாருங்கள்.